ராத்திரி டூட்டி பார்க்கிற பெண் மருமகளாக வரக் கூடாதா?



எனக்கு வயது முப்பத்தாறு. பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு, கல்யாணமாகி வட்டக்கோட்டைக்கு வந்தவள். கோட்டையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வேன் பிடித்து வருகிறார்கள். எனக்கோ அடுக்களை ஜன்னலைத் திறந்தால் தென்னந்தோப்பு, அதற்கு அப்பால் கடல். கணவர் அஞ்சுகிராமத்தில் சின்னதாக பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். மாமியும் எங்களோடுதான் இருக்கிறார். இந்தப் பகுதியை விடாமல் வாசிப்பேனே தவிர, எழுதியது இல்லை. இப்போது எழுத வைத்தது எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சு.

என் நாத்தனாருக்கு வயது இருபத்தாறு. விலங்கியல் பட்டம் படித்தவள். மூன்று வருஷமாக 108 ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளராக வேலை பார்க்கிறாள். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, இறங்கி, அடிபட்டவரைத் தூக்கி, மூச்சு பார்த்து, ரத்தம் நிறுத்தி, ஆஸ்பத்திரியில் சேர்க்கும் வரை பொறுப்பு அவளுக்குத்தான். பகல் டூட்டியும் உண்டு, ராத்திரி டூட்டியும் உண்டு. பன்னிரண்டு மணி நேர வேலை.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஜாதகம் பிடிக்கும், போட்டோ பிடிக்கும், நாங்கள் கொடுக்கும் ஏத்தம்பழ அப்பமும் பிடிக்கும். கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்பார்: ‘ராத்திரி டூட்டி உண்டோ? வண்டியில கூட யாரு? டிரைவர் ஆம்பளையா?’ அத்தோடு முடிந்தது. ‘ஊருக்குப் போய் சொல்லி விடுகிறோம்’ என்பார்கள். சொல்லி விடவே மாட்டார்கள். மூன்று இடம் இப்படிப் போயிற்று. இப்போது நாலாவதாக ஒரு நல்ல இடம். வேலையை விட்டால் அடுத்த மாதமே பூ வைக்க வருகிறோம் என்கிறார்கள்.

சகோதரிகளே, உண்மையைச் சொல்லி விடுகிறேன். அவளிடம் ‘வேலையை விட்டுரு’ என்று முதலில் சொன்னதே நான்தான். ‘ஆக்சிடெண்டில் செத்தவனையும், குடித்து விழுந்தவனையும் தொட்டுத் தூக்குகிற வேலை பொம்பளைக்கு எதுக்கு பிள்ளே? ஒரு ஸ்கூலில் டீச்சராகப் போயேன்’ என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அவள் டூட்டி முடிந்து வந்தால், குளித்துவிட்டுத்தான் அடுக்களைக்கு வர வேண்டும் என்று நான் வைத்த சட்டம் வேறு!

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம். மழை விட்டு லேசாக இருட்டி விட்டது. மாமி தோப்பில் கொதும்பும் சில்லாட்டையும் பொறுக்கப் போனார். ‘எம்மா’ என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், கணுக்காலுக்கு மேலே இரண்டு பல் தடம். ஓலைக்கு அடியில் பாம்பு நெளிந்து போனதை என் மகன் பார்த்து விட்டான். எங்கள் ஊரில் அணலி என்போம். கண்ணாடி விரியன் என்று புத்தகத்தில் போட்டிருக்கும்.

கடையில் இருந்த கணவருக்கு அடித்தால் லைன் கிடைக்கவில்லை. அக்கம்பக்கம் கூடி விட்டது. ஒருவர் தேங்காய்க் கயிற்றை எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். இன்னொருவர் பிளேடு கொண்டு வரச் சொன்னார். வேறொருவர், ‘வைத்தியரைக் கூட்டி வந்தா பச்சிலை குடுப்பாரு’ என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாத்தனாருக்கு போன் செய்தேன்.

‘மைனி, நான் கேசுக்குப் போய்க்கிட்டு இருக்கேன். உடனே 108-க்கு அடிங்க. அம்மாவை நடக்க விடாதீங்க, காலை அசைக்க விடாதீங்க. பிளேடு வைக்க யாரையும் விடாதீங்க. நேரத்தை மட்டும் குறிச்சு வையுங்க’ என்று படபடவென்று சொன்னாள். வைத்து விட்டாள்.

எனக்கு வந்த கோபம்! பெற்ற தாய்க்குப் பாம்பு கடித்திருக்கிறது, இவளுக்கு என்ன மனசு என்று நினைத்தேன்.

108-க்கு அடித்தேன். சென்னையிலிருந்து பேசினார்கள். எந்த ஜில்லா, எந்த ஊர், பக்கத்தில் என்ன அடையாளம், மூச்சு விடுகிறாரா, பேசுகிறாரா என்று கேட்டார்கள். பதற்றத்தில் எனக்கு என் வீட்டுக்கு வழி சொல்லவே வரவில்லை. மகன்தான் போனை வாங்கி, கோட்டைக்குப் போகிற ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொன்னான். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு முக்கில் போய் நின்றான்.

இருபது நிமிஷத்தில் வண்டி வந்தது. இறங்கியது ஒரு பெண். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுதான் இருக்கும். ஒல்லியான பிள்ளை. கூட்டத்தைப் பார்த்து, ‘கொஞ்சம் காற்று வர விடுங்க அண்ணாச்சி’ என்றாள். ‘இந்தச் சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்’ என்று ஒருவர் அவள் காதில் விழவே சொன்னார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமியின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, ‘ஆச்சி, பயப்படாதீங்க, நான் கூடவே வாறேன்’ என்றாள். நாடி பார்த்தாள், பிரஷர் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லி, ஈறில் ரத்தம் வருகிறதா என்று பார்த்தாள். வீக்கம் எதுவரை வந்திருக்கிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதினாள். வீக்கம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டுமாம். கயிற்றை அறுக்கப் போனார் ஒருவர். ‘வேண்டாம், இறுக்கிக் கட்டினதைச் சட்டென்று அவிழ்த்தா விஷம் மொத்தமா ஏறிரும். டாக்டர் முன்னாடிதான் அவிழ்க்கணும். இனிமே யாருக்கும் இப்படிக் கட்டாதீங்க’ என்றாள். போனில் ஒரு டாக்டரிடம் பேசினாள். காலுக்கு மட்டை வைத்து அசையாமல் கட்டி, டிரைவரும் அவளுமாகத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் போக இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. வழியெல்லாம் அந்தப் பிள்ளையின் கை மாமியின் கையிலேயே இருந்தது. மாமி பயத்தில் வாந்தி எடுத்து, அது அவள் உடுப்பிலும் தெறித்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது. குளித்துவிட்டு வந்தால்தான் அடுக்களைக்குள் விடுவேன் என்று என் வீட்டுப் பெண்ணிடம் சொன்னவள் நானல்லவா!

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிஷம் வைத்துப் பார்த்தார்கள். உறையவில்லை. அணலி விஷம் அப்படித்தானாம், ரத்தத்தை உறைய விடாதாம். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஒன்பதாம் நாள் மாமி வீட்டுக்கு வந்தார். இன்னும் கொஞ்சம் நேரம் ஊரிலேயே வைத்துக்கொண்டு பச்சிலை தேடிக்கொண்டிருந்தால், கிட்னி பழுதாகி ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்றார்கள்.

மாமியை உள்ளே கொண்டு போன பிறகு, அந்தப் பிள்ளைக்கு ஒரு சாயாவாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று திரும்பினேன். வண்டியைத் துடைத்துக்கொண்டு இருந்தாள். ‘அடுத்த கேஸ் வந்தாச்சு அக்கா’ என்று சொல்லி ஏறிப் போய் விட்டாள். பெயர் கூடக் கேட்கவில்லை நான்.

நள்ளிரவுக்கு மேல் நாத்தனார் ஓடி வந்தாள். பேச எனக்கு மனமில்லை. அவளாகத்தான் சொன்னாள். நான் போன் செய்த நேரம், பனிக்குடம் உடைந்த ஒரு கர்ப்பிணியை எடுக்க அவள் போய்க்கொண்டு இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வரை தாங்கவில்லை. ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, வண்டிக்குள்ளேயே பிரசவம் பார்த்திருக்கிறாள். பெண் குழந்தை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். ‘அம்மா ஞாபகம் வந்துக்கிட்டே இருந்துச்சு மைனி. கை நடுங்கிரக் கூடாதேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்’ என்றாள்.

அவள் யாரோ ஒரு தாயைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், யாரோ ஒரு பிள்ளை வந்து அவளுடைய தாயைக் காப்பாற்றியிருக்கிறாள். அந்த ஒல்லிப் பிள்ளைக்கும் வீட்டில் ஒரு மைனி இருப்பாள். அவளும் என்னைப் போலவே ‘வேலையை விட்டுரு’ என்று சொல்லி, இவளும் கேட்டிருந்தால், அன்றைக்கு எங்கள் வாசலில் வந்து இறங்கியது யாராக இருந்திருக்கும்? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடவில்லை.

அதற்குப் பிறகுதான் அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வருகிற வண்டிக்கும், கொடுக்கிற மருந்துக்கும் ஒரு பைசா வாங்குவதில்லை. வருகிற அழைப்புகளில் பெரும் பங்கு கர்ப்பிணிகளுக்காகத்தானாம். அப்படியானால் பெண் உதவியாளர் இருப்பது யாருக்கு நிம்மதி? நமக்குத்தானே! பிரசவ வலியில் துடிக்கும்போது பக்கத்தில் ஒரு பெண் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறோம். அந்தப் பெண் நம் வீட்டுப் பெண்ணாக மட்டும் இருக்கக் கூடாது என்கிறோம். இது என்ன நியாயம்?

108 இல்லாத காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது நான் பத்தாம் வகுப்பு. மணக்குடிப் பாலமே அடித்துக்கொண்டு போன நாள் அது. அடிபட்டவர்களை லாரியிலும், மீன் வண்டியிலும், ஆட்டோவிலும் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். கழுத்தைப் பிடிக்கவோ, மூச்சு பார்க்கவோ கூட ஆள் இல்லை. வண்டி ஓட்டுபவருக்கு ஓட்ட மட்டும்தானே தெரியும்?

நாம் மட்டும் இப்படி இருந்தோம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்ற ஊரில் ஒரு காலத்தில் போலீஸ் வண்டியிலோ, பிணம் எடுக்கிற வண்டியிலோதான் நோயாளியைக் கொண்டு போவார்களாம். 1967-ல் அங்கே ஃப்ரீடம் ஹவுஸ் என்று ஓர் அமைப்பு, வேலை கிடைக்காமல் இருந்த கறுப்பின மக்களைச் சேர்த்து, நன்றாகப் பயிற்சி கொடுத்து ஆம்புலன்சில் அனுப்பியது. பின்னால் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழி நடத்தியவர் நான்சி கரோலின் என்ற பெண் டாக்டர். ஆம்புலன்ஸ் உதவியாளர் என்ற தொழிலுக்கே அவர்கள்தான் முன்னோடிகள் என்கிறார்கள். இளப்பமாகப் பார்க்கப்பட்டவர்கள்தான் அங்கேயும் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

‘டிரைவர் ஆம்பளையா’ என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. 2020 ஆகஸ்டில் தேனி மாவட்டத்தைச் சேர்ந்த வீரலட்சுமி என்பவர் தமிழ்நாட்டில் 108 வண்டியின் முதல் பெண் டிரைவராக வேலையில் சேர்ந்தார். குழந்தைகளைப் பெற்ற தாய் அவர். அதற்கு முன் வாடகைக் கார் ஓட்டியவர். ஆண் டிரைவர்தான் உங்களுக்குக் குறை என்றால், இன்னும் நாலு பெண்களை ஓட்ட அனுப்புங்கள். இருக்கிற பெண்ணை ஏன் இறக்கி விடுகிறீர்கள்?

நம் ஜில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். நெய்யூரில் 1838-லேயே மிஷன் ஆஸ்பத்திரி வந்து விட்டது. நர்ஸ் வேலைக்கு நம் பெண்கள் போகாத தேசம் இல்லை. ‘பெண் சவுதியில் நர்ஸ்’ என்றால் மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே ராத்திரி டூட்டி இல்லையா? அங்கே ஆண் நோயாளியைத் தொட வேண்டாமா? சவுதியில் ராத்திரி வேலை பார்த்தால் கௌரவம், தக்கலையில் ராத்திரி வேலை பார்த்தால் அவமானமா? இதில் மானம் எங்கே இருக்கிறது, சம்பளக் கணக்குதான் இருக்கிறது!

இன்னொன்று. சின்னமுட்டத்தில் விடியாத இருட்டில் மீன் வாங்கக் கூடையோடு நிற்கும் பெண்களை யாராவது ‘ராத்திரியில் வெளியே போகாதே’ என்று தடுத்தோமா? அவர்கள் போகாவிட்டால் நம் வீட்டில் மீன் குழம்பு கிடையாது. நமக்குத் தேவை என்றால் இருட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதற்காகப் பயப்படுகிற தாய்மாரை நான் குறை சொல்லவில்லை. பாம்புக்கடியில் பிழைத்த என் மாமியே இன்னும் மனம் மாறவில்லை. ‘எனக்க பிள்ளைய நடுச்சாமத்துல ரோட்டுல விட்டுட்டு நான் எப்படி உறங்க?’ என்று அழுகிறார். ‘உங்களைக் காப்பாற்றியதும் அப்படி ஒரு பிள்ளைதானே மாமி’ என்றால், ‘அது சரிதான் மக்களே, ஆனா இது எனக்க பிள்ளையில்லா’ என்கிறார். பெற்ற வயிறு. அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

குடித்து விட்டு வம்புக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் என்பது நீண்ட நேரம்தான். எட்டு மணி நேரமாக்க வேண்டும் என்று ஊழியர் சங்கங்கள் கேட்டு வருகின்றன. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. பிள்ளை பெற்றவளுக்கு ராத்திரி டூட்டி கஷ்டம். ஆனால் இதற்கெல்லாம் மருந்து, பாதுகாப்பையும் ஓய்வையும் கேட்டு வாங்குவது. பெண்ணை வீட்டில் உட்கார வைப்பது அல்ல. ரோட்டில் பள்ளம் இருந்தால் பள்ளத்தை மூடச் சொல்வோமா, நடப்பதையே நிறுத்தி விடுவோமா?

இல்லத்தரசிகளான நாம் செய்யக் கூடியவை சில உண்டு. என் அனுபவத்தில் கண்டவற்றைச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு வழியும் அடையாளமும் ஒரு தாளில் எழுதி, போன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பதறும்போது நம் வீட்டுக்கு வழி நமக்கே மறந்து விடும். ராத்திரி என்றால் ஒரு ஆளை டார்ச்சோடு முக்கில் நிறுத்துங்கள்.

பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். அசையாமல் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போக வேண்டும்.

ரோட்டில் அடிபட்டவரைப் பார்த்தால் போலீஸ், கேஸ் என்று பயந்து ஒதுங்க வேண்டாம். உதவி செய்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்து விட்டார்கள். ஆம்புலன்சுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்பதும் அதே திருத்தத்தில்தான் வந்தது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையைக் கட்டணமில்லாமல் கொடுக்கும் திட்டத்தை நம் அரசு 2021 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. உங்கள் தெருப் பக்கம் ஆம்புலன்ஸ் நிற்பதைப் பார்த்தால், அதில் இருக்கும் பெண்ணிடம் ‘பாத்ரூம் போகணுமா பிள்ளே, உள்ளே வா’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பன்னிரண்டு மணி நேரமும் ரோட்டில் இருக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று பெண்ணாய்ப் பிறந்த நமக்குத்தான் தெரியும். தண்ணீர் குடித்தால் அடிக்கடி போக வேண்டி வருமே என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பாளாம் என் நாத்தனார். மூன்று வருஷம் ஒரே வீட்டுக்கு வந்து போனவளிடம் இதைக் கூட நான் கேட்டறியவில்லை.

இப்போது கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். ‘ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா எல்லாரும் ஒதுங்கி வழி விடுறாங்க மைனி. எனக்குத்தான் ஒருத்தரும் வழி விட மாட்டேங்காங்க’ என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணவரிடம் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நானே போன் செய்தேன்.

‘அம்மா, உங்கள் மகன் நல்ல பையன். எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் பெண் வேலையை விட மாட்டாள். விடச் சொல்லி நாங்களும் சொல்ல மாட்டோம். உங்களுக்கு நெஞ்சு வலி வந்தால், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒருத்தி உங்கள் வீட்டிலேயே இருப்பாள். யோசித்துச் சொல்லுங்கள்’ என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, ‘மகனிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்றார். இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் பதில் வரவில்லை. வராமலே போனாலும் போகட்டும். மாமிக்கு வருத்தம்தான், என் மேல் கொஞ்சம் கோபமும்தான். ஆனால் என் நாத்தனார் டூட்டி முடிந்து வந்தால் இப்போது நேராக அடுக்களைக்கே வருகிறாள். சூடாகக் கஞ்சியும் துவையலும் எடுத்து வைக்கிறேன். முதலில் ஒரு செம்பு தண்ணீர்.

மகனைப் பெற்ற சகோதரிகளே! நாளைக்கு உங்கள் மகனுக்குப் பெண் பார்க்கப் போகும்போது, அவள் ராத்திரி டூட்டி பார்க்கிறவள் என்று தெரிந்தால், அந்த ராத்திரியில் அவள் யாருடைய வீட்டு வாசலில் போய் இறங்குகிறாள் என்பதையும் ஒரு நிமிஷம் யோசியுங்கள். நான் சொல்வது சரிதானே?

— ஓர் இல்லத்தரசி, வட்டக்கோட்டை, கன்னியாகுமரி மாவட்டம்.